பீளமேட்டிலிருந்து அந்தியூருக்கு, ஒரு சிராய்ப்புகூட இல்லாமல்

கொங்கு நாட்டுச் சாலையில் ஓடுகிறவர்களுக்கு முதல் ஆபத்து நாயும் இல்லை, லாரியும் இல்லை. யாராவது வண்டியை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொல்வதுதான்.

பீளமேட்டைத் தாண்டிய முதல் ஒரு மணி நேரத்தில் எனக்காக நான்கு பைக்குகளும் ஒரு தக்காளி வேனும் நின்றன. வேன்காரர் தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, பஸ்ஸ உட்டுப்போட்டீங்களா?" என்றார்.

"இல்லைங்க. சும்மா ஓடறேன்."

"சும்மாவா?" சொல்லிப் பார்த்துக்கொண்டார். "எது வரைக்கும்ங்க?"

"அந்தியூர்."

வேன் என்னோடு கொஞ்ச தூரம் ஊர்ந்து வந்தது. அவருக்கு மனசு கேட்கவில்லை. "அம்மணி, அந்தியூருக்கு பஸ் நெறைய இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

தாம்பரத்தில் பதினோரு வருடமாக ஓடுகிறேன். அங்கே இப்படி ஒருவரும் கேட்டதில்லை. தபால் நிலையக் கவுன்ட்டரில் தினமும் என் முகத்தைப் பார்க்கிறவர்கள்கூட ரோட்டில் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள், அவ்வளவுதான். நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி காலையில் வேர்த்து விறுவிறுத்து ஓடுவது அவரவர் வீட்டு விவகாரம் என்பது எங்கள் ஊர் நாகரிகம். இங்கே அது ஊர்ப் பொது விவகாரம்.

மகள் யாழினி கோயமுத்தூர் பீளமேட்டில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போகிற சாக்கில் ஆறு நாள் விடுப்பு எடுத்து, அந்தியூர் குதிரைச் சந்தை வரைக்கும் ஓடிவிடுவது என்பது என் திட்டம். நாளுக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர். அவளுடைய ஸ்கூட்டரில் என் கணவர் முரளி தண்ணீரும் மாற்றுத்துணியுமாகப் பின்னால் வருவார். சாவியைக் கொடுக்கும்போது யாழினி, "சின்னக் கீறல் விழுந்தாலும் சொல்லிடணும்ப்பா" என்றாள். ஸ்கூட்டரைத்தான் சொன்னாள்.

எனக்கும் முரளிக்கும் நடுவில் அதே மாதிரி ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஆறு நாளில் ஒரு சிராய்ப்பு பட்டாலும் ரோட்டில் ஓடுவதை அதோடு விட்டுவிட வேண்டும். மிச்ச ஓட்டமெல்லாம் வீட்டு ஹாலில், ட்ரெட்மில்லின்மேல். போன தீபாவளிக்கு முரளி வாங்கிப் போட்டது. ஒருநாள்கூட நான் அதில் ஏறவில்லை. இப்போது அதில் துணி காய்கிறது.

முரளியைக் குறை சொல்ல முடியாது. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பதுதான் அவர் வேலை. நல்ல வண்டியைப் பார்த்தாலும் எந்தப் பக்கம் நசுங்கும் என்றுதான் அவருக்குத் தோன்றும். அதற்கேற்றாற்போல் இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் தெருமுனையிலேயே ஒரு தண்ணீர் லாரி என்னைத் தள்ளிவிட்டுப் போனது. இடதுகாலில் தகடு வைத்தார்கள். என்னைத் தூக்கிய ஆட்டோக்காரர் முரளிக்கு மூன்று முறை போன் செய்திருக்கிறார். புது நம்பர், கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று மூன்று முறையும் இவர் துண்டித்துவிட்டார். மத்தியானம் வரைக்கும் அவருக்கு விஷயமே தெரியாது.

அன்றைக்குப் பிறகு முரளி எந்தப் புது நம்பரையும் விட்டதில்லை. வில்லா விற்கிறவர்களிடம்கூட, "சொல்லுங்க, யார் பேசறீங்க?" என்று பதறிக்கொண்டு கேட்பார்.

முதல் நாள் காற்று எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. ஆடிக்காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள், நான் நகரமாட்டேனா? பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று முதுகில் கைவைத்து ஓடு ஓடு என்கிறது. சுகம்தான். ஆனால் எதிரே வருகிற வண்டியின் சத்தத்தை அது அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. வண்டிகளைப் பார்த்தபடி ஓடவேண்டும் என்பதற்காக நான் வலப்பக்கம் ஓடுவேன். "தப்பான சைடுல ஓடறீங்க அம்மணி" என்று திருத்தாதவர்கள் இல்லை. முரளி இடப்பக்கம் நூறடி தள்ளி, சைக்கிளைவிட மெதுவாக வந்தார். மேட்டில் பஸ் வந்தால் ஒரு ஹாரன், வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை வந்தால் இரண்டு ஹாரன் என்று எங்களுக்குள் ஏற்பாடு. தென்னை மட்டை விழுந்து கிடந்தால் முன்னால் போய் எடுத்துப் போட்டுவிட்டுத் திரும்பவும் பின்னால் வந்துவிடுவார்.

அன்று சாயங்காலம் ஒரு சின்ன மெஸ்ஸில் சந்தகை சாப்பிட்டோம். இடியாப்பம்தானே என்று முரளி சொல்லிவிட்டார். பரிமாறிய அம்மாள் முகம் மாறியது. "இடியாப்பம் வேறைங்க, இது வேறைங்க" என்று தேங்காய்ப்பாலை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினார். சாப்பிட்டு முடித்ததும் வேறுதான் என்று முரளி ஒத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் விழுந்தேன்.

பல்லடத்துக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது கோழிப்பண்ணைகள் வந்துவிட்டன. மூக்கு முதலில் சொல்லும், கண் பிறகு பார்க்கும். முரளி பெட்ரோல் போடப் பின்தங்கியிருந்தார். ஒரு பண்ணையின் கேட்டிலிருந்து மூன்று நாய்கள் கிளம்பின. நாய் துரத்தினால் நின்றுவிட வேண்டும், ஓடக்கூடாது. எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்த பாடம் இது. மூன்றாகச் சேர்ந்து வந்தபோது பாடமெல்லாம் பறந்துவிட்டது. ஓடினேன், சாலை ஓரத்துச் சரிவில் கால் பிசகிக் கிளுவை வேலியோரம் விழுந்தேன். முழங்கையில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்தது, பேன்ட்டுக்குள் முட்டிக்குப் பக்கத்திலும் கொஞ்சம். நான் விழுந்ததும் நாய்களுக்கு ஆர்வம் போய்விட்டது. ஒன்று கொட்டாவி விட்டது.

அந்த நிமிடம் வலி தெரியவில்லை. ட்ரெட்மில்தான் கண்முன்னே வந்தது. வெயிலுக்காக இடுப்புப் பையில் வைத்திருந்த முழுக்கை உறைகளை இரண்டு கைக்கும் மாட்டி, மண்ணைத் தட்டிவிட்டு, முரளி வரும்போது ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தேன். பல்லடத்தில் லாட்ஜ் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு காயத்துக்கு மருந்து போட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் அவரிடம் நான் மறைத்த விஷயங்கள் உண்டு, எல்லாம் புடவை விலைதான். இது அந்தக் கணக்கில் சேராது என்று எனக்கே தெரிந்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கொள்ளுப்பருப்பு. "குதிரைக்குப் போடறது. உனக்கு ரொம்பப் பொருத்தம்" என்றார் முரளி. கையை மடக்கினால் வலிக்கிறது என்பதற்காக நான் மெதுவாகச் சாப்பிட்டேன். களைப்பு என்று நினைத்துக்கொண்டு தன் இலையிலிருந்த அப்பளத்தை எனக்கு வைத்தார்.

மூன்றாம் நாள் வடக்கே திரும்பினோம். காற்று இப்போது பக்கவாட்டில் அடித்தது, கண்ணெல்லாம் மண். காயம் உறையோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் எட்டுக்கும் இழுத்தது. கண்ணீர் வழிய, இடதுகாலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி, விசைத்தறிச் சத்தம் கேட்கும் ஓர் ஊருக்குள் நுழைந்தேன். ஏதோ சரியில்லை என்று முரளிக்குப் பட்டிருக்கிறது. நூறடி தள்ளி வந்தவர் பத்தடிக்கு நெருங்கி, "நில்லு கீதா, நில்லுன்னு சொல்றேன்ல" என்று கத்தினார். நின்றால் கையைப் பார்த்துவிடுவார். நான் இன்னும் வேகமாக ஓடினேன்.

தறிக்கொட்டகை வாசலிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு. "ஏனுங்கம்மணி, சித்த உள்ள வாங்க" என்று இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். பாத்ரூம் வேண்டுமா என்று முந்தைய நாட்களில் இரண்டு பெண்கள் கேட்டிருந்தார்கள், அதுபோல் இருக்கும் என்று நினைத்தேன். அவர் நான்கு தறிகளையும் நிறுத்தினார். காதுக்குள் திடீரென்று அமைதி.

"பயப்படாதீங்க. வெளிய எங்கூட்டுக்காரரு பாத்துக்குவாரு."

"எதைங்க?"

"அந்தாளத்தானுங்க. ஸ்கூட்டர்ல தொரத்திட்டு வாராரே."

"அவர் என் வீட்டுக்காரர்ங்க."

மரகதம் என்பது அவர் பெயர், பிறகு தெரிந்துகொண்டேன். பெருமூச்சு விட்டார். "அதானுங்க நானும் நெனச்சேன். என்ன சண்டைன்னாலும் ஒரு பொம்பளைய இப்படி ரோட்டுல ஓட உடலாமுங்களா?" பேசிக்கொண்டே என் கையைப் பார்த்தார். உறையில் ரத்தம் ஊறிப் பெரிய வட்டமாகத் தெரிந்தது. அவர் குரல் தணிந்துவிட்டது. "அடிச்சாருங்களா, கண்ணு?"

கம்பி போட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முரளியை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் மூன்று ஆண்கள். ஸ்கூட்டர் சாவி ஒருவருடைய சட்டைப் பையில் இருந்தது. ஆனால் முரளி கையில் டீ. குற்றவாளிக்கும் டீ கொடுத்து, ‘ங்க’ போட்டு விசாரிக்கிற ஊரை அன்றுதான் பார்த்தேன்.

"படிச்சவராட்டத்தான் இருக்கறீங்க. எதுக்குங்க கை நீட்டறீங்க?" என்றார் சாவி வைத்திருந்தவர்.

"நான் அடிக்கலைங்க" என்றார் முரளி.

"அப்பறம் எதுக்குங்க அவிக உசுரக் குடுத்து ஓடறாங்க?"

பதினோரு வருடமாக முரளியும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வேறு வழியில்லை. வெளியே வந்து எல்லோர் முன்னாலும் உறையைக் கழற்றினேன். ஒட்டியிருந்த இடம் பிய்ந்து வந்தது. "இவர் மேல தப்பில்லைங்க. நேத்து நாய் துரத்துச்சு, விழுந்துட்டேன். இவர்கிட்ட மறைச்சுட்டேன்."

முரளி டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"கடிச்சுதா?"

"இல்லை."

"நிஜமா?"

"நிஜமா."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. எழுந்துபோய் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்து மருந்துப் பெட்டியை எடுத்துவந்து, அந்த மூன்று ஆண்களுக்கும் நடுவில் என் கையைப் பிடித்துத் துடைத்தார். இதற்கு இரண்டு திட்டு வாங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

தப்பாக நினைத்துவிட்டதற்குச் சாப்பாடு போடாமல் மரகதம் விடவில்லை. அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, மேலே நெய், தொட்டுக்கொள்ளத் தயிர். சாவியை வாங்கிக் கொடுக்கும்போது மரகதமே முரளியிடம், "நீங்க முன்னால போய் நில்லுங்க. பொறகால வந்தீங்கன்னா தொரத்தறாப்பலயே இருக்குதுங்க" என்றார். முரளி தலையாட்டினார்.

சாயங்காலம் லாட்ஜில் இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், நாளைக்குக் கோயமுத்தூர் திரும்பிவிடலாம் என்று நானே சொன்னேன்.

"விழறது எல்லாருக்கும் நடக்கும்" என்றார் முரளி. "குழாயைத் திறந்துவிட்டுட்டு உள்ளே தனியா மருந்து போட்டிருக்கே. நான் வெளியே உக்காந்து கிரிக்கெட் பார்த்துட்டிருக்கேன். மறுபடியும் எனக்குத் தெரியாமலே ஒண்ணு நடந்துபோச்சு."

நான் அழுதுவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தம்மா சொன்ன மாதிரி முன்னாடி போய் நிக்கிறேன். மத்ததை அந்தியூர்ல போய்ப் பேசிக்கலாம்" என்றார்.

முன்னால் போவது சின்ன விஷயம் இல்லை. முன்னால் போனால் நான் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டேன். நான்காம் நாள் அரைக் கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்றார். ஒவ்வொரு திருப்பத்திலும் கரும்பையோ வாழையையோ பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருப்பார், என் தலை தெரிந்ததும் சடக்கென்று கிளம்பிவிடுவார். கோபிப் பக்கம் வாய்க்காலும் வயலும் கொக்குமாக இருந்தது. சென்னைக்காரர்களுக்கு இவ்வளவு பச்சை கண்ணைக் கூசும். ஐந்தாம் நாள் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தடவை நின்றார். அன்று மத்தியானம் இளநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தபோது அவருக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஆனாலும், "சொல்லுங்க, யார் பேசறீங்க?" என்று பதறினார். கிரெடிட் கார்டு.

ஆறாம் நாள். பவானி ஆற்றைத் தாண்டியதும் சாலையில் கூட்டம் கூடிவிட்டது. லாரிகளில் மாடுகள், டெம்போக்களில் குதிரைகள், கால்நடையாகவும் குதிரைகள். சந்தைக்குப் பிரிகிற முனையில் ஒரு புளியமரம் இருக்கிறதாம், அங்கே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு முரளி கிளம்பினார். ஐந்து கிலோமீட்டர். இதுவரைக்கும் அவர் விட்டுக்கொடுத்ததிலேயே அதிக தூரம். என் போன் வழக்கம்போல் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. பின்னால் ஆள் வந்தபோது எனக்குப் போன் தேவைப்பட்டதில்லை, அந்தப் பழக்கத்தில் இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

புளியமரம் இருந்தது. முரளி இல்லை.

ஐந்து நிமிடம் நின்றேன். கரும்புச்சாறு விற்ற பெண்ணிடம், சிவப்பு ஸ்கூட்டரில் கண்ணாடி போட்டவர் யாராவது நின்றாரா என்று கேட்டேன். "இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துத் தன் போனைத் துடைத்து நீட்டினார். முரளி நம்பரை அழுத்தினேன். முழு மணியும் அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவையும் அடித்து ஓய்ந்தது. மூன்றாவது தடவையும் அப்படியே. எந்தப் புது நம்பரையும் விடாத மனிதர். ஏர்ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. இந்த ரோட்டில், அந்தச் சின்ன ஸ்கூட்டரில்.

"ஏனுங்க அக்கா, சாறு ஒரு டம்ளர் குடிச்சுட்டுப் போங்க" என்றார் அந்தப் பெண். நான் ஏற்கனவே ஓட ஆரம்பித்திருந்தேன், வந்த வழியிலேயே. வேகத்தடை, சரிவு, எதிர்ப்பக்கம் எதையும் பார்க்கவில்லை. ஹாரன் அடிக்க யாரும் இல்லை. முரளி இரண்டு வருடமாக என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அந்தக் கால்மணி நேரத்தில் தெரிந்தது. சாலை முழுக்க வண்டிகள், அதில் ஒருவரைத்தான் காணோம்.

ஒரு கிலோமீட்டர் வந்திருப்பேன். வைக்கோல் லாரிகள் வரிசையாக நின்ற இடத்துக்குப் பின்னால், ரோட்டை விட்டுச் சற்று இறங்கினாற்போல் சிவப்பு ஸ்கூட்டர் தெரிந்தது. வரும்போது லாரிகள் மறைத்ததில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அதன் பக்கத்தில் முரளி நின்றிருந்தார், முழுசாக, இரண்டு கையாலும் ஒரு வெள்ளைக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு. முரளிக்குப் பூனை என்றாலே பயம்.

"போனை ஏன் எடுக்கலை?" என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"கையை எடுக்க முடியலை கீதா. அஞ்சு நிமிஷம் பிடிச்சுக்கச் சொல்லிட்டு ஒருத்தர் போனார். முக்கால் மணி ஆச்சு. விட்டா ரோட்டுல ஓடிடும். லாரி வருது பாரு."

சொல்லி முடித்ததும், தான் சொன்னதைத் தானே கேட்டவர்போல் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். குதிரை மட்டும் புல்லைத் தின்றுகொண்டிருந்தது.

குதிரைக்காரர் பல்லைக் குத்திக்கொண்டு வந்தார். "அட, இன்னுமா புடிச்சுட்டு நிக்கறீங்க? வேலில ஒரு சுத்து சுத்தி உட்ருக்கலாமுங்களே" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். "உட்டாலும் எங்கயும் போகாதுங்க. நெதம் ஓடற குதிரை, அதுக்கு ரோடு தெரியுமுங்க."

அவர் போனபிறகு முரளி தன் கைகளை விரித்துப் பார்த்தார். பஸ் ஹாரனுக்குக் குதிரை மிரண்டு இழுத்ததில், வலது உள்ளங்கையில் கயிறு உரசித் தோல் உரிந்திருந்தது. டிக்கியைத் திறந்து மருந்துப் பெட்டியை எடுத்தேன். இந்தத் தடவை நான் துடைத்தேன்.

"மூணு தடவை கூப்பிட்டே" என்றார்.

"நான்தான்னு எப்படித் தெரியும்?"

"வேற யாரு."

இனிமேல் போன் இல்லாமல் ஓட மாட்டேன், விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவேன் என்றேன். மருந்து பட்ட எரிச்சலில் அவர் கையை உதறிக்கொண்டே, "அந்த ஒப்பந்தம் ஒண்ணு இருக்கே" என்றார்.

"ஒரு சிராய்ப்பு பட்டாலும் ட்ரெட்மில். அவ்வளவுதானே?" அவர் உள்ளங்கையைத் திருப்பி அவருக்கே காட்டினேன். "எனக்குப் பட்டது பழசாகிப்போச்சு. இது புதுசு. ட்ரெட்மில் உங்களுக்கு."

முரளி சிரித்தார். அந்த ஆறு நாளில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார். மிச்சமிருந்த தூரத்தை நான் ஓடவில்லை. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவரும், கொள்ளு மூட்டை ஏற்றிய வண்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டு நானும் சந்தைக்குள் நடந்துபோனோம். யாழினியின் ஸ்கூட்டரில் ஒரு கீறல்கூட விழவில்லை.

தாம்பரத்தில் இப்போது துணி பால்கனியில் காய்கிறது. காலை ஐந்தரைக்கு இடுப்பில் போனைக் கட்டிக்கொண்டு நான் ரோட்டில் இறங்குகிறேன். அதே நேரத்துக்கு முரளி ஹாலில் ட்ரெட்மில் மேல் ஏறி, போனைக் கண்ணெதிரே நிறுத்திவைத்து, மணிச் சத்தத்தை முழுசாகக் கூட்டிக்கொண்டு நடக்கிறார். எவ்வளவு நேரம் நடந்தீர்கள் என்று கேட்டால் தெரியாது என்பார். நான் திரும்பி வந்து கதவைத் திறக்கிற சத்தம் கேட்டபிறகுதான் அதை நிறுத்துகிறார்.